வட்டத்துக்குள் யாரைக் கூப்பிடுவது

1

நான் பிரான்சுக்கு வந்து இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று வீட்டில் கேக் வெட்டினோம். கேக்கின் மேல் என் பெயரை பேக்கரிக்காரி தப்பாக எழுதியிருந்தாள். இந்த நாட்டில் எல்லோரும் எழுதுகிற அதே தப்புதான். என் வங்கி அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. இனிமேல் யாராவது சரியாக எழுதிவிட்டால், அது நான்தான் என்று நிரூபிக்க மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டும். ஆகவே ஒன்றும் சொல்லாமல் வெட்டினேன்.

இரண்டாவது துண்டு வாயில் இருக்கும்போது மகள் ஆரம்பித்தாள். கயல்விழிக்கு இருபது வயது. இங்கேயே பிறந்தவள். தமிழை அவள் அம்மாவிடமிருந்து கற்றதால் புதுச்சேரி முத்தியால்பேட்டைத் தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"கத்துனா மேல் வூட்டுக்காரன் போலீசுக்கு போன் போடுவான். சொல்லு."

"மூணாவது மாடி ஒதீல் இருக்காங்க இல்ல? அவங்ககூட சேந்து ஆறு மாசமா சாமி கும்புடறேன். விக்கான்னு பேரு. எங்கள சோர்சியேர்னு சொல்லுவாங்க."

அந்தப் பிரெஞ்சுச் சொல்லை மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன். சூனியக்காரி என்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன். மந்திரக்காரி என்று வந்தது. இரண்டுமே நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அவளுக்குப் பின்னால் சொல்கிற வார்த்தைகள். இவள் கேக் தின்றுகொண்டே தன்னைப் பற்றித் தானே சொல்கிறாள்.

என் மனைவி தனம் மூன்றாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி கோணாமல் போனது. அவளுக்கு இது பழைய செய்தி என்று அதிலேயே தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தபோது இரண்டாவதாக வந்ததும் அதுவே. பொங்கலன்று எழுந்து வீட்டைப் பெருக்கு என்றால், தூசி தனக்கு ஆகாது என்று டாக்டரே சொன்னதாகப் போர்வைக்குள்ளிருந்து பதில் சொல்கிற பெண் இவள். மூன்றாவது மாடியில் தேவி வருவதற்கு முன் பூசைக்குப் போடுகிற வட்டத்தைத் துடைப்பத்தால் பெருக்கிச் சுத்தம் செய்கிற பொறுப்பு இவளுடையதாம். துடைப்பத்தைப் புகைப்படம் எடுத்து வேறு காட்டினாள். பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது.

2

நான் இங்கே நகராட்சி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். திரும்பி வருகிற புத்தகங்களை வாங்கி அடுக்குகிற மேசை. ஊரில் யாருக்கு என்ன வியாதி, யார் விவாகரத்துக்கு யோசிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். சொந்த மகள் என்ன படிக்கிறாள் என்பதுதான் தெரியாமல் போனது. விக்கா பற்றி நூலகத்தில் ஏழு புத்தகங்கள் இருந்தன. ஏழையும் இரவல் எடுத்துப் போனேன். கணினியில் என் பெயர் பதிவானபோது சக ஊழியை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விக்கா போன நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் முளைத்த சமயம். ஒரு தேவி, ஒரு தேவன். தேவிக்கு நிலா அடையாளம். கன்னி, தாய், கிழவி என்று மூன்று முகம். தேவனுக்குத் தலையில் கொம்பு. வருடா வருடம் செத்துப் பிறப்பான். உலகத்தில் உள்ள அத்தனை அம்மன்களும் அந்த ஒரே தேவியின் முகங்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனி ஆள், தனித்தனிக் குணம், கூப்பிடும்போது பெயர் மாறினால் கோபம் வரும் என்று இன்னொரு சாரார். வெளியில் யாருமே இல்லை, எல்லாம் நம் மனசின் பிம்பங்கள் என்று மூன்றாவது சாரார். மூவரும் ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்கிறார்கள். நம் பக்கமாக இருந்தால் இதற்குள் மூன்று சங்கமும் நான்கு வழக்கும் ஆகியிருக்கும்.

தெய்வத்தின் வேலை என்ன என்பதில்தான் நான் திகைத்துப் போனேன். அவர்களுக்குத் தெய்வம் மேலே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற ஆள் கிடையாது. விருந்தாளி. பவுர்ணமிக்குப் பவுர்ணமி வட்டம் போட்டு, நான்கு திசைக்கும் வணக்கம் சொல்லி, தேவியையும் தேவனையும் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வந்தவர்களுக்கு கேக், ஒயின். சில நாள் தேவி பூசாரிப் பெண்மேல் இறங்கிப் பேசுவாள். நம்மூர் சாமி ஆட்டம்தான், வேப்பிலைதான் இல்லை. முடிந்ததும் நன்றி சொல்லி, போய் வாருங்கள் என்று வழியனுப்பி, வட்டத்தைக் கலைத்துவிட்டு பஸ்சைப் பிடிக்கிறார்கள். அது போக, ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு தெய்வம் உண்டு. நாம் அதைத் தேடுவோமாம், அதுவும் நம்மைத் தேடுமாம். கனவில் வரும், அடையாளம் காட்டும். நமக்குக் குலதெய்வம் ரத்த வகை மாதிரி. பிறந்தபோதே முடிவாகிவிட்டது, பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஒதீலை லிப்டில் பிடித்தேன். அறுபது வயது தாண்டிய பெண்மணி. இந்தக் கட்டடத்துக்கே முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது வட்டத்தின் தலைமைப் பூசாரி.

"உங்கள் மகளுக்கு அபாரமான காது, முசியே. தெய்வங்கள் மெதுவாகப் பேசினாலும் கேட்கிறது" என்றாள்.

"நான் சத்தமாகப் பேசினாலும் கேட்பதில்லை."

"நீங்கள் தெய்வம் இல்லையே."

அதில் ஒரு துளி விஷம் இல்லை. விவரம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். மூன்றாவது மாடியில் கதவு திறந்து அவள் இறங்கிப் போனாள். நான் வீட்டுக்கு இரண்டாவது மாடியில் இறங்கியிருக்க வேண்டும்.

3

ஒரு வருடமும் ஒரு நாளும் கற்றுக்கொண்ட பிறகு தீட்சை. கயலுக்கு அது வசந்தத்தின் முதல் பவுர்ணமியில் வருகிறது என்றார்கள். அன்று வட்டத்தின் நடுவில் நின்று தன்னுடைய தெய்வத்தின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அதற்கப்புறம் ஆயுளுக்கும் அவள் அந்தத் தெய்வத்தின் ஆள்.

இந்தச் செய்தி கேட்டதும் என் பொறாமை கொஞ்சம் ஓய்ந்தது. மகள் போனாலும் சாமி நம்முடையதாக இருக்கட்டுமே என்று ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன். புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் தாண்டி, வயலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பச்சை என்றால் இயற்கை. இயற்கை என்றால் விக்கா. இதைவிடப் பொருத்தமாக ஒருத்தியை ஒதீல் எந்த அருங்காட்சியகத்தில் தேடிப் பிடிப்பாள்? ஒரு மாதம் நாசூக்காகப் பிரசாரம் செய்தேன். குளிர்பெட்டிக் கதவில் அம்மன் படம் ஒட்டினேன். சாப்பாட்டு மேசையில் வயலைப் பற்றிப் பேசினேன். நான் வயலில் இறங்கியதே கிடையாது என்பது தனத்துக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன்.

"யாருன்னு முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேம்பா. அஞ்சலை."

"எந்த அஞ்சலை?"

"அம்மா வூட்டு பூவாடைக்காரி."

புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குடும்பத்தில் கல்யாணம் ஆகாமலோ, சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம் காட்சி என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். புதுத்துணி, பூ, வளையல் வைத்துப் படைப்பார்கள். படைத்த துணியை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். தனத்தின் அப்பாவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள். அஞ்சலை. பதினாறு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். முத்தியால்பேட்டை வீட்டின் தெய்வம் அவள்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எகிப்துப் பூனை முகக்காரி ஒருத்தி ஒதீலின் அலமாரியில் இருக்கிறாள். அவளைச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிரேக்கத்துக்காரியிடம் தோற்றால் ஒரு கவுரவம் உண்டு. போயும் போயும் மாமனார் வீட்டு சாமியிடமா?

"பாகூர்ல அவ்ளோ பெரிய அம்மன் இருக்கறப்ப, காமாலைல செத்த பொண்ணு எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பச்சைவாழி எனக்கு எத்தினி வருஷத்துக்கு சாமி?"

"ஆயுசுக்கும்."

"பொய். கல்யாணம் ஆனா புருஷன் வூட்டு சாமிதான் எனக்கு சாமின்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இவங்க எனக்கு வாடகைக்கா?"

இந்தக் கேள்வி ஏழு புத்தகத்திலும் இல்லை. அவள் நிறுத்தவில்லை.

"அம்மா வருஷா வருஷம் எனக்கு ஒரு பாவாடை எடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா? ஒடனே குடுக்க மாட்டாங்க. பீரோவுல ஒரு நாள் பூராம் வெச்சிருந்து மறுநாள்தான் குடுப்பாங்க. ஏம்மான்னு போன வருஷம் கேட்டேன். சொன்னாங்க. அது மொதல்ல அவங்களுக்கு, அப்பறந்தான் எனக்காம். சின்ன வயசுலேந்து நான் போட்டதெல்லாம் அஞ்சலைத் துணிப்பா."

தனம் சமையலறையில் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கல்யாணமான புதிதில், அத்தைக்கு ஒரு வெற்றிலை வைத்துக்கொள்கிறேன் என்று தனம் கேட்டது நினைவுக்கு வந்தது. அப்போது நான் நாத்திகன். இந்த வீட்டில் அந்த மாதிரிச் சமாசாரம் எதுவும் கிடையாது என்று, பத்துப் புத்தகம் படித்தவனுக்கே உரிய தோரணையில் சொன்னேன். பத்து வருடம் போனது. குளிரும் தனிமையும் தாங்காமல் நானே பாகூரிலிருந்து அம்மன் படத்தை வரவழைத்து மாட்டினேன். என் நாத்திகம் முடிந்துபோனதைத் தனத்துக்கு அறிவிக்கத்தான் மறந்துவிட்டேன்.

4

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். எனக்குப் பொறாமை அதிகமானது.

இதற்கு நடுவில் தீட்சைக்காகக் காட்டோரத்தில் தீ மூட்ட அனுமதி கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. நான் நகராட்சி ஊழியன் என்பதால் பூர்த்தி செய்ய என்னிடம் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்காது. நிகழ்ச்சியின் தன்மை என்று இருந்தது; ஒதீல் 'தோட்டக்கலை, சிற்றுண்டி' என்று எழுதச் சொன்னாள். கலந்துகொள்வோர் எண்ணிக்கை என்ற இடத்தில் குருவுக்கும் சிஷ்யைக்கும் தகராறு வந்துவிட்டது. ஒதீல் பன்னிரண்டு என்றாள். கயல் பதினான்கு என்றாள்.

"தேவியும் தேவனும் வருவார்கள் இல்லையா? வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எண்ணிக்கையில் விட்டால் எப்படி?"

கடைசியில் பதினான்கு என்றே எழுதினோம். இப்படி ஒரு நம்பிக்கையோடு இவள் என்னைக் கடைசியாக எப்போது எதில் சேர்த்தாள் என்று யோசித்தபடி கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

அன்றுதான் கயல் அந்த உதவியைக் கேட்டாள். "அப்பா, அஞ்சலைய தமிழ்லதான் கூப்புடணும். அவங்களுக்கு பிரெஞ்சு தெரியாது. எனக்கு அழகா எழுத வராது. நீங்க எழுதிக் குடுங்கப்பா."

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். இப்படி ஒரு தமிழை நான் அதற்கு முன் எழுதியதில்லை. வயல் காத்தவளே, வரப்பில் நின்றவளே, வாழைக்குருத்துப் பச்சைக்காரியே, ஏரிக்கரைத் தாயே என்று இருபது வரி. ஒவ்வொரு வரியும் பாகூருக்குப் போகிற வழி. முத்தியால்பேட்டைக்கு அதில் ஒரு சந்துகூட இல்லை.

கயல் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அஞ்சலைன்னு பேரே இல்லியே?"

"சாமிய பேர் சொல்லிக் கூப்புடக் கூடாதும்மா. பட்டப்பேராலதான் கூப்புடணும். அதான் மரியாத."

"பச்சைவாழின்னு இருக்கே?"

"அதுவும் பட்டப்பேர்தான். எல்லா அம்மனுக்கும் பொது."

அவள் என்னை நம்பினாள். தமிழ் விஷயத்தில் அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று இருபது வருடமாக நினைத்திருக்கிறாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகிறபோது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டல் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதித் தொலைக்கிறேன்.

5

தை மாதம் முத்தியால்பேட்டையில் கல்யாணம். தனத்தின் தம்பி சேகரின் மூத்த மகனுக்கு. தீட்சைக்கு முன்னால் அஞ்சலையை அவள் வீட்டிலேயே பார்த்து உத்தரவு வாங்கிக்கொள்கிறேன் என்றாள் கயல். நானும் வருகிறேன் என்றாள் ஒதீல். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைத்தது, வாய் கிடைக்கவில்லை.

புதுச்சேரியில் ஒதீல் கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தெருக்களை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள். "இந்தத் தெருப்பெயரெல்லாம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பத்து மணிநேரம் பறந்தது இதற்கா? அந்தப் பெண்ணிடம் கூட்டிப்போங்கள்" என்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, காலையில் பூவாடைப் படையல். கிணறு மூடிப் பத்து வருடம் ஆகிவிட்டதால் கரகத்துக்குப் போர்வெல் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். நடுக்கூடத்தில் விளக்கு. முறத்தில் மாம்பழ மஞ்சளில் பாவாடை, அரக்குத் தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், நாலு முழம் மல்லி. சாமியை அழைக்க, பம்பை மேளத்தோடு ஒரு பம்பைக்காரர். சேகருக்கு இரண்டும் பையன்கள். துணியை உடுத்த வீட்டில் பெண் இல்லை. அதனால் கயல் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

"வூட்டுப் பொண்ணு யாராவது ஆத்தாவ கூப்புடுங்கம்மா" என்றார் பம்பைக்காரர்.

"நான் கூப்புடறேன். அப்பா எழுதிக் குடுத்திருக்காரு" என்று கயல் முன்னால் வந்து காகிதத்தைப் பிரித்தாள்.

தீட்சைக்கு மட்டும்தான் அதைப் படிப்பாள் என்று நினைத்திருந்தேன். காட்டுக்குள் பதினோரு பிரெஞ்சுக்காரிகளுக்கு நடுவில் யாருக்குத் தெரியப் போகிறது என்பதுதான் என் துணிச்சல். இங்கே கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பம்பை அதிர, என் மகள் கணீர் என்று படித்தாள். வயல் காத்தவளே. வரப்பில் நின்றவளே. நான்காவது வரியில் பம்பை நின்றது.

"ஆத்தா, இரு இரு. இது பாகூர் பக்கத்து அம்மா இல்ல? நான் வருசா வருசம் அங்கயும் அடிக்கறவன். பச்சைவாழிய ஏம்மா இங்க கூப்புடற?"

சேகர் என்னைப் பார்த்தான். "இன்னா மாமா இது? எங்க அத்தைக்கு எல போட்டுட்டு உங்க வூட்டு சாமிய கொண்டாந்து உக்கார வெக்கறீங்களா?"

கயல் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பட்டப்பேருன்னு சொன்னீங்களேப்பா."

எனக்கு அந்த நேரத்தில் கைகொடுத்தது விக்காவின் முதல் சாராரின் கொள்கை. "எல்லா அம்மனும் ஒண்ணுதானே சேகர். ஒரே தேவியோட பல முகம்..."

"ஒண்ணுதான்னா ஏன் சார் மாத்தி எழுதுனீங்க?" என்றார் பம்பைக்காரர்.

யாரோ சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். "உங்க சாமிக்கு வருசா வருசம் நான் பொங்க வெக்கல? ஒரு வருசமாச்சும் மொனகுனனா? எங்க அத்தைய நான் பீரோவுல வெச்சிருந்தேன். பீரோவுல. இப்ப பொண்ணு கூப்புட்றான்னா, அதுலயும் புகுந்து நீங்களே வந்து நிக்கணுமா?"

கயலின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சேகர் கடிகாரத்தைப் பார்த்தான். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பம்பைக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார். "மறிச்சவரே கூப்புடட்டும். அப்பதான் ஆத்தா மனசெறங்கி வருவா. ம், சார், வாங்க."

விளக்கு முன்னால் போய் நின்றேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதிலேயே தடுமாறினேன். மாமனாரின் அக்கா எனக்கு அம்மா முறை. பதினாறு வயதுப் பெண்ணை, ஐம்பது வயதுக்காரன், அம்மா என்று அழைக்க வேண்டும். அதுவும் அவளுடைய இடத்தை மறைத்துக்கொண்டு இத்தனை வருடம் நின்றவன். "அம்மா, அஞ்சலையம்மா" என்றேன். கைகூப்பி, "தப்பு என்னுதுதான். நீ வா" என்றேன். இருபது வரி எழுதியவனுக்கு இவ்வளவுதான் வாயில் வந்தது.

பம்பை மறுபடி தொடங்கியது.

கயல் பாவாடை தாவணி உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். மல்லியைத் தனம் வைத்துவிட்டாள். அவளைப் பலகையில் உட்காரவைத்து, சேகர் இலையிலிருந்து முதல் கவளத்தை எடுத்து அவளுக்கு ஊட்டினான். கிழவர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூவாடைப் படையலை அந்த வீட்டார் மட்டும்தான் உண்ணலாம் என்பதால் மாப்பிள்ளையாகிய நான் வாசலில், சேகரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். என் பெண்ணை இன்னொருவன் தன் வீட்டுத் தெய்வமாக வைத்து ஊட்டுகிறான். அதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எந்த ஜோசியனும் எனக்குச் சொன்னதில்லை.

பக்கத்தில் ஒதீலும் நின்றாள். அவளுக்கும் அனுமதி இல்லை.

"முடிந்ததும் எப்படி வழியனுப்புவீர்கள்? என்ன சொல்லி?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகச் சேகரைக் கேட்டேன்.

"அனுப்பறதா? எங்க அனுப்பறது மாமா? இது அவ வூடு."

பிரெஞ்சில் சொன்னேன். ஒதீல் தலையை ஆட்டினாள். "நாங்கள் நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறோம். முப்பது வருடமாக" என்றாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பரிச்சயமானது. சில மாதமாக முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துவந்த முகம். அதைப் பார்த்து நான் ஆனந்தப்பட்டிருக்க வேண்டும். நானும் அவளும் ஒரே வாசலில் நின்றதால் முடியவில்லை.

6

திரும்பி வந்த பிறகு கயல் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை. தானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். யாரைக் கூப்பிடப் போகிறாய் என்று கேட்டேன். தீட்சையில் சொல்கிற பெயர் வெளியே சொல்லக் கூடாது, சத்தியம் செய்திருக்கிறோம் என்றாள். நம்மூரில் சாமி ஒலிபெருக்கியும் சீரியல் விளக்குமாக வீதி சுற்றுகிறது. இங்கே அது ரகசியம்.

தனத்தின் வெற்றிலை இப்போது கூடத்து அலமாரிக்கு வந்துவிட்டது. பச்சைவாழி படத்தை நானே ஒரு சாண் நகர்த்தி வைத்தேன். அது ஒன்றும் தியாகம் இல்லை. தனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவுர்ணமியன்று சாயங்காலம் கயலையும் ஒதீலையும் காட்டோரத்தில் இறக்கிவிட்டேன். மரங்களுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். தீட்சை பெறாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது. நானும் தனமும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. மரத்துக்கு மேலே நிலா ஏறத் தொடங்கியிருந்தது. தீ மூட்டிய புகை வந்தது. பிரெஞ்சில் யாரோ நான்கு திசைக்கும் வணக்கம் சொன்னார்கள். அப்புறம் கயலின் குரல்.

கண்ணாடியை இறக்கினேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. காரைவிட்டு இறங்கிக் கயிறுவரைக்கும் போனேன்.

"உள்ள வந்து உக்காருங்க, குளுருது" என்றாள் தனம்.

"யார கூப்புடறா, கேக்குதா உனக்கு?"

"யாரயோ. தமிழ்ல கூப்புடறா இல்ல? போதும்."

அவளுக்குப் போதும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன். பெயரைக் காற்று கொண்டுபோய்விட்டது. மிச்சம்தான் வந்தது. என் அலங்காரத் தமிழில் ஒரு சொல்கூட அதில் இல்லை.

"வாம்மா. எவ்ளோ தூரத்துலேந்து வர? இப்படி நெருப்புப் பக்கமா உக்காரு. சாப்ட்டியா?"

பாகூர்க்காரியா, முத்தியால்பேட்டைக்காரியா என்பது திடீரென்று எனக்கு முக்கியமாகப் படவில்லை. நானும் அதே தூரத்திலிருந்துதான் வந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. இந்தக் குரல் என்னிடம் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. நெருப்புப் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாளோ, அவள் எழுந்து போகிறவரைக்கும் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.